செவ்வாய்க்கிழமைப் பேப்பர்

இலை நன்றாக ஊறியிருக்கிறது. கத்தரியை வைத்தால் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. நேற்று நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தது, தகட்டை மேலே வைத்து நாலு பக்கமும் நறுக்கினால் ஒரு பீடிக்கு ஓர் இலை, தகடு, நறுக்கு, தகடு, நறுக்கு, மணி என்ன, இரண்டு பத்து, இன்னும் நேரம் கிடக்கிறது, நாலு மணிக்குத்தானே வருவார்கள், அதற்குள் இந்தச் சாக்கு இலையை முடித்து, கயலுக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டி, வீட்டோடு ஒட்டி இறக்கிய சாய்ப்பைக் கூட்டிப் பாயை விரித்து, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தால் போதுமா, வாயைத் திறக்க வேண்டுமே. தொட்டில் அசைகிறது, இல்லை, காற்றுதான், பத்து மாதப் பிள்ளைக்கு மத்தியான உறக்கம் ஒரு மணி நேரம் கூட நிற்பதில்லை, காலால் கயிற்றை ஓர் இழுப்பு. காலையில் குழாயடியில் முப்பிடாதிப் பெரியம்மை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள், "ஏளா பிரம்மு, ஒங்க ஆச்சிக்குப் பதினாறும் கழிஞ்சு நாலு நாளாச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு எல்லாரும் வாறோம். பேப்பர் வாங்கி வச்சிரு." நான் சிரித்துக்கொண்டே, "நான் வாசிச்சா நீங்க தூங்கிருவீகளே பெரியம்ம" என்றேன். "தூங்குனாலும் கை சுத்தும். நீ வாசி." நாலடி போய்த் திரும்பி நின்றாள். "உன்னால முடியலன்னா சொல்லிருட்டி. சாய்ப்புக்கு வராம அவங்கவங்க வீட்டுல டிவி முன்னால உக்காந்து சுத்திக்கிடுதோம். மூணு மாசமா அப்படித்தான ஓடுது." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன், எனக்கு அது வரும், எந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிடும், அதுதானே இவ்வளவுக்கும் காரணம். தகடு, நறுக்கு.

வாசிப்புச் சுளகு சுவரில் சாய்ந்து நிற்கிறது, ஆச்சி போன பிறகு பூட்டிக் கிடந்த இந்த வீட்டில் அதன் மேல் ஒரு சிலந்தி வலை கூடப் பின்னிவிட்டது, துடைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்களுக்கு முதலில் அது என்னவென்றே தெரியாது. இருபது பேர் ஆளுக்கொரு சுளகை, மூங்கில் முறத்தை, மடியில் வைத்து, இலை, தூள், நூல் என்று குனிந்திருக்க, நடுவில் ஆளில்லாமல் ஒரு சுளகு. வாசிக்கிறவளால் பீடி சுற்ற முடியாது, இரண்டு கையும் பேப்பரில் இருக்கும், அதனால் அவளுக்காக ஒவ்வொருத்தியும் தான் சுற்றியதில் ஒரு பிடி எடுத்து நடுச்சுளகில் போட வேண்டும், வாசித்து முடிக்கும்போது அவளுடைய அன்றைய வேலையும் முடிந்திருக்கும். உலகம்மாள் ஆச்சி வைத்த முறை இது, என் அம்மையைப் பெற்றவள், மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். வாசிப்பு பிறகு வந்ததுதான், அதற்கு முந்தி எழுத்து. நோட்டு, பென்சில் என்றால் "எங்களுக்கு எதுக்குக்கா" என்று ஓடுவார்களாம், அதனால் மடியில் இருக்கிற சுளகையே சிலேட்டாக்கிவிட்டாள், பீடித்தூளைப் பரப்பி விரலால் எழுது, பிடிக்கவில்லையா, ஒரு குலுக்கு, அழிந்தது. முப்பிடாதிப் பெரியம்மை முதன்முதலாக 'மு' எழுதிவிட்டு அழகு பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தும்மி, எழுத்தும் போய் எதிரே இருந்தவள் கண்ணும் எரிந்து, அன்றைக்குப் பூரா ஒரே கூத்தாம். அப்போது பெரியம்மைக்கு வயது ஐம்பது. இப்போதும் தெருவில் எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும் நின்று உதட்டை அசைத்து அசைத்து வாசித்துவிட்டுத்தான் நகர்வாள், கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, யார் எவர் என்று தெரியாவிட்டாலும். ஆச்சியின் கண்ணீர் அஞ்சலித் தட்டியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். உதடு அசையவில்லை. நான் பார்த்தேன்.

சே, இந்த இலை கிழிசல், ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, தள்ளு. கிழிசல் இலையைக் கூட ஆச்சி வீணாக்கமாட்டாள், அதில் சுண்ணாம்பால் யார் வீட்டுப் பிள்ளை எத்தனை நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று எழுதிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போய் வாசலில் நிற்பாள். "பிள்ள எங்க?" "பீடிக்கு வாய் மடக்கிட்டு இருக்கா ஆச்சி, அவ கை சின்னக் கை, வேகமா மடக்குதா." "சின்னக் கைதான? வளரட்டும். அதுக்குள்ள அந்தப் பீடிய எங்கிட்ட குடு, நான் மடக்கித் தாறேன், அவள அனுப்பு." நிஜமாகவே வாசலில் உட்கார்ந்து மடக்கிக் கொடுப்பாள், வீட்டுக்காரிக்கு மானம் போகும், மறுநாள் பிள்ளை பையைத் தூக்கிவிடும். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாருமே பத்தாவது தாண்டினோம், மைதீன்பாத்து அக்காவின் மகள் நர்ஸாகவே போய்விட்டாள். ஆச்சியை டீச்சர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. நான் ஒருநாள் விளையாட்டுக்குக் கூப்பிட்டேன், "டீச்சரம்மா, காப்பி ஆறுது" என்று, அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, வெட்கப்பட்டு முந்தியால் வாயை மூடிக்கொண்டு, "சும்மா கெட" என்று, பல் ஒன்றிரண்டுதான், ஆனாலும் என்ன சிரிப்பு. அந்தச் சிரிப்பு. மற்றச் சிரிப்பை நினைக்கக் கூடாது. வியாழக்கிழமைச் சிரிப்பு வேண்டாம். இலையைப் பார், கையை வெட்டிக்கொள்ளாதே.

கையில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, காலை வேளையில் ஆச்சியின் தலையும் இப்படித்தான் இருக்கும், வெள்ளென எழுந்து குளித்துவிடுவாள். கடைசி ஒரு வருஷமாக ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகிற வழியில் இங்கே வந்து அவளுக்குத் தலை சீவிவிடுவேன், பேப்பர் போடுகிற பையன் எறிந்துவிட்டுப் போயிருப்பான், ஆச்சி அதை எடுத்து மடியில் வைத்திருப்பாள். "பிரம்மு, கண்ணாடிய எங்க வச்சேனோ தெரியல, அந்த மூணாம் பக்கத்த வாசி." வாசிப்பேன். "இன்னொரு தடவ வாசி." எனக்குப் பால்காரர் போய்விடுவார் என்ற அவசரம், "ஏன் ஆச்சி, ஒனக்குக் காதும் போச்சா?" என்பேன். "காது நல்லாருக்குட்டி" என்றாள். காது நல்லா இருக்கு. அவ்வளவுதான் சொன்னாள். எத்தனை காலை, எத்தனை தடவை சொன்னாள், காது நல்லாருக்கு, காது நல்லாருக்கு என்று. அதற்கு மேல் எப்படித்தான் சொல்வாள் ஒரு மனுஷி? கண்ணாடி என்றைக்கும் சாமி படத்துக்குக் கீழே பலகையில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கிறேன் என்றாலும், "நீயே வாசி, ஒன் குரலக் கேக்கணும் போலருக்கு" என்பாள், எனக்கும் மனசு குளிர்ந்துபோகும். நான் இரண்டு தடவை வாசித்ததை அப்படியே மனசில் வாங்கி, சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல், படிக்கிறவளைப் போலத் தலையை இடமும் வலமும் ஆட்டி, பக்கம் திருப்பி, யாருக்குத் தெரியும், யாருக்குமே தெரியவில்லை என்று நான் நினைத்திருந்தேன், எனக்கே தெரியாதபோது.

இரண்டு ஐம்பது. வேண்டாம் வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. சரி, வரட்டும். அன்றைக்கு வியாழக்கிழமை. முந்தின இரவெல்லாம் கயலுக்குக் காய்ச்சல், விடியற்காலையிலேயே தென்காசி பஸ் ஏறிவிட்டேன், ஆச்சி வீட்டுக்குப் போகவில்லை, பேப்பர் வாசிக்கவில்லை. டாக்டர் ஒன்றுமில்லை, பல் முளைக்கிறது என்றார், திரும்பி வரும்போது பிள்ளை உடம்பு குளிர்ந்து மடியில் சிரிக்கிறாள், எனக்கு ஒரே சந்தோஷம், யாரைப் பார்த்தாலும் ஏதாவது பேச வேண்டும் போல. நாலரை மணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாய்ப்புக்குள் நுழைகிறேன், ஆச்சி வாசித்துக்கொண்டிருக்கிறாள். மலையடிவாரத்துத் தோட்டத்துக் கிணற்றில் யானைக்குட்டி ஒன்று விழுந்துவிட்டது, தாய் யானை சுற்றிச் சுற்றி வருகிறது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. முப்பிடாதிப் பெரியம்மை சுற்றுகிற கையை நிறுத்தி, "அய்யோ, அப்புறம்?" என்கிறாள். பேப்பரின் முதல் பக்கம் எங்களைப் பார்த்து விரிந்திருக்கிறது, மேலே கொட்டை எழுத்தில் கிழமை. போன வாரத்துச் செவ்வாய். அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்றைக்கு வந்த பேப்பர், கொடை என்பதால் அன்று வாசிப்பு இல்லை, யானைப் படத்தைக் கயலுக்குக் காட்ட வேண்டும் என்று ஆச்சி மூலையை மடித்துத் தனியே வைத்திருந்தது. எனக்கு வாயில் சனி. "ஆச்சி, இது போன வாரத்துப் பேப்பர்லா! பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியத வச்சு வாசிச்சுக்கிட்டு இருக்க!" என்று சொல்லிச் சிரித்தேன், நல்ல சத்தமாக. கயலும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இருபது பேர். ஒருத்திகூட நிமிரவில்லை. ஒருத்திகூட "அப்படியா?" என்று எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை, இப்போதுதான் ஒவ்வொரு நாளும் கவனிக்கிறேன், ஆச்சரியப்பட வேண்டியவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் சுளகுக்குள்ளேயே பார்வையைப் புதைத்துக்கொண்டார்கள். ஆச்சி பேப்பரை மெல்ல மூடினாள், ஓரத்தோடு ஓரம் சேரவில்லை, விரலால் தடவித் தடவிச் சேர்த்தாள். "அப்படியாளா? வயசாச்சுல்லா, மாத்தி எடுத்துட்டேன் போல." சிரித்தாள். "தொண்டையும் கட்டிருக்கு. இன்னைக்கு வாசிப்பு இல்ல, நீங்க போட்டத எடுத்துக்கிடுங்க." யாரும் எடுக்கவில்லை. நடுச்சுளகில் பீடி குவியலாகக் கிடந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகும் கிடந்தது. ஆச்சி என்னிடம்தான் சொன்னாள், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று. நானும் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும், "பழைய பேப்பருக்குக் கூலி கிடையாதாம்" என்று வேடிக்கை வேறு சொன்னேன். மைதீன்பாத்து அக்கா மட்டும் வாங்கிக்கொண்டு, "போதும் பிரம்மு, வீட்டுக்குப் போ" என்றாள். மறுநாள் தொண்டை கட்டியிருந்தது, அதற்கு மறுநாளும், பிறகு யாரும் கேட்கவில்லை. ஆச்சி தன் சுளகை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தானே சுற்றினாள், ஒரு நாளும் குறைவில்லாமல். காலையில் நான் பேப்பரை எடுத்தாலும், "வேண்டாம் தாயி, பால்காரர் போயிருவாரு" என்பாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சுற்றிப் பார்க்கலாமா. இலை, இரண்டு விரலால் பள்ளம், தூள் ஒரு சிட்டிகை, உருட்டு, ஓரத்தை உள்ளே மடக்கு, நூல், இரண்டு சுற்று, இழு. வருகிறது. இருட்டுக்குள்ளேயே வருகிறது, கண்ணைத் திறந்து பார்த்தால் பீடிக் கடைக்காரர் மோசமென்று கழிக்க முடியாத பீடி. இப்படித்தான் ஒளித்திருக்கிறாள். கைக்குக் கண் வேண்டாம். எழுத்துக்குத்தான் வேண்டும். போன மாதம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் ஒரு தாளை அட்டையில் செருகிக் கொண்டுவந்து, "பாட்டி, கைநாட்டா?" என்றாள். ஆச்சிக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பேனா குடு." வாங்கினாள். உ, ல, க என்று தாளில் எழுதியவள், தாள் முடிந்தது தெரியாமல் அப்படியே போய் 'ம்மாள்' என்று மெத்தை விரிப்பில் எழுதினாள். அழகான எழுத்து. புள்ளியைக் கூட மறக்காமல் வைத்தாள். வைத்துவிட்டு, "சரியாருக்காளா?" என்று என் பக்கம் திரும்பினாள், என் பக்கம் இல்லை, எனக்கு ஒரு சாண் தள்ளி. நான், "சரியாருக்கு ஆச்சி" என்றேன். அந்த ஒரு தடவை சிரிப்பு வரவில்லை. சர்க்கரை கண்ணுக்குள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார் டாக்டர், நீங்கள் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். தெருவில் நாற்பது பேருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் ஐந்து நாளும் வாயைத் திறந்தேன், திறந்து, "கஞ்சி குடிக்கியா?" என்று கேட்டேன்.

எழுந்துவிட்டாள். வாறேன், வாறேன், இந்தா வந்துட்டேன், ஏ யப்பா என்ன சத்தம், தொட்டிலெல்லாம் ஈரம். துணி எங்கே, இலை சுருட்ட வைத்திருந்த பழந்துணி போதும், துடை, மாற்று, மூக்கைப் பிடிக்காதே, சோறு உண்போமா. ஒரு கையால் பிள்ளை, ஒரு கையால் நறுக்கிய இலையை அள்ளி, காய்ந்துவிடக் கூடாது, தண்ணீர் தெளித்து, கைக்கு அகப்பட்டதில் சுற்றி, மேலே கல்லை வை. மூன்று நாற்பது. பலகையில் சாமி படத்துக்குக் கீழே, ஆச்சியின் கண்ணாடி, பக்கத்தில் மூலை மடித்த அந்தப் பேப்பர். இரண்டு தடவை பழைய பேப்பர்காரர் வந்தார், போட மனம் வரவில்லை, பிரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. யானைக்குட்டி ஏறியதா? எனக்குத் தெரியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் நான்தான் வாசித்தேன், முழுவதும் வாசித்தேன், இரண்டு தடவை, ஆனால் பால்காரர் நினைப்பில் வாய் வாசித்தது, மனசு வாங்கவில்லை. வாங்கிய ஒருத்தி போய்விட்டாள். "பெரியம்ம, எனக்கு வேலை கிடக்கு, நீங்க டிவி பாத்தே சுத்துங்க" என்று சொல்லிவிட்டால் என்ன? யாரும் கோபிக்கமாட்டார்கள். சுளகைச் சிலந்திக்கே விட்டுவிடலாம். ஆச்சியின் வாயை அடைத்தவள் ஆச்சியின் இடத்தில் உட்கார்ந்து எந்த வாயால் வாசிக்கிறது? நடுங்கினால்? பாதியில் அழுதுவிட்டால்? அதைவிட, சிரித்துவிட்டால்?

"ஏளா, பாய் விரிக்கலையா?" செருப்புகள் கழற்றும் சத்தம். முப்பிடாதிப் பெரியம்மை, பின்னால் மைதீன்பாத்து அக்கா, அவர்களுக்குப் பின்னால் எல்லாரும், ஆளுக்கொரு சுளகு தலையில். நான் சோற்றுக் கையோடு ஓடிப் பாயை விரித்தேன். யாரோ வாசிப்புச் சுளகை எடுத்து முந்தியால் வலையைத் துடைத்து நடுவில் வைத்தார்கள். ஆச்சி உட்காரும் மணையைச் சுவரோரம் தள்ளி எனக்கு விட்டார்கள். கயலை மைதீன்பாத்து அக்கா வாங்கிக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டுப் பேப்பரைத் தேடுகிறேன், இங்கேதானே வைத்தேன், பாய்க்கு அடியில் இல்லை, பலகையில் இல்லை, கல்லுக்கு அடியில். ஈர இலையைச் சுற்றி. இன்றைய பேப்பர். பிரித்தால் கூழாகக் கையோடு வருகிறது, எழுத்தெல்லாம் ஊறி ஒரே கருப்பு. நறுக்கிய இலையைத் துணியில் சுற்ற வேண்டும் என்று இந்தத் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். "என்னட்டி தேடுத?" "ஒண்ணுமில்ல பெரியம்ம." நனைஞ்சு போச்சு, நாளைக்குப் பாத்துக்கிடலாம், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பித்தேன், நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். இருபது பேரும் இலையை எடுத்துவிட்டார்கள். நான் சாமி படத்துக்குக் கீழே மூலை மடித்துக் கிடந்த அந்தப் பேப்பரை எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் பக்கத்தை விரித்ததும் முதல் பக்கம் அவர்களைப் பார்த்துத் திரும்பியது. எனக்கு எதுவும் தெரியவில்லை, எழுத்து நீரில் மிதக்கிறது, ஆச்சிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, இவ்வளவுகூடத் தெரியாமல். தாளுக்கு மேலே பெரியம்மையின் முகம் தெரிகிறது, கண் முதல் பக்கத்துத் தலைப்பில் நிற்கிறது, உதடு அசைகிறது, செ, வ், வா, ய். நின்றது. சொல்லிவிடுவாள். மூன்று மாதத்துக்கு முந்தின பேப்பரா என்று யாராவது ஒருத்தி சிரிக்கத்தான் வேண்டும், சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். யாரும் சிரிக்கவில்லை. மைதீன்பாத்து அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துத் தாளைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டாள், அவள் பார்வையும் அந்தத் தலைப்பில் போய்விட்டுத் தன் சுளகுக்குத் திரும்பியது. அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்கு நான் வரும்வரை இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியம்மை ஒரு பிடி பீடியை எடுத்து நடுச்சுளகில் போட்டாள். நான் இன்னும் ஒரு வார்த்தை வாசிக்கவில்லை.

"அந்த ஆனக்குட்டி ஏறிச்சா இல்லியா பிரம்மு? அதச் சொல்லு முதல்ல. மூணு மாசமா கெணத்துக்குள்ளயே கெடக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கீழே விரலை வைத்தேன். வாசித்தேன். இயந்திரத்தால் கிணற்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவு அமைத்தனர், ஆனாலும் குட்டி மிரண்டு மறுபக்கமே ஒதுங்கி நின்றது. குரல் உடைந்தது. இருபது தலையும் குனிந்தே இருந்தன, நூல் இழுபடும் சத்தம் மட்டும்.

"அய்யோ," என்றாள் பெரியம்மை நிமிராமல், "அப்புறம்?"

அப்புறம், சுற்றி நின்ற கூட்டத்தை வனத்துறையினர் தூரமாக விலக்கினர். யாரும் பார்க்காத நேரத்தில், குட்டி தானாகவே ஏறி வந்தது.